தொட்டிச் செடியின் வரலாறு: காரைக்கால் கரையிலிருந்து ஒரு பார்வை

நிலத்தில் வேர் விடாமல் மண்சட்டி, மரப்பெட்டி, தகர டின், நெகிழிப் பை போன்ற ஒரு கலத்தில் வளர்க்கப்படும் செடி தொட்டிச் செடி எனப்படுகிறது. வீட்டு மாடியில் கத்தரி வளர்ப்பவரும், அறைக்குள் அலங்காரச் செடி வைப்பவரும், சில வெளிநாடுகளில் சட்ட அனுமதியோடு வீட்டுக்குள் கஞ்சாச் செடி வளர்ப்பவரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எந்தக் கலம், எவ்வளவு பெரியது? இக்கேள்வி புதியதன்று. சோழநாட்டுக் கடற்கரையில் அதற்கு நெடுங்கால வரலாறு உண்டு. காரைக்காலை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

பாலிகையும் முளைப்பாரியும்

காரைக்காலுக்கு வடக்கே, அதே கடற்கரையில் அமைந்த பழைய துறைமுகம் காவிரிப்பூம்பட்டினம். அங்கு நடந்த கோவலன், கண்ணகி திருமணத்தில் பெண்கள் பாலிகையும் முளைக்குடமும் ஏந்தி வந்ததைச் சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல் கூறுகிறது. அந்நகரின் இந்திர விழாவுக்குரிய அலங்காரங்களில் பாலிகையையும் மணிமேகலை சேர்த்துச் சொல்கிறது. பாலிகை என்பது தானியங்களை முளைக்க வைக்கும் வாய் அகன்ற கலம். கோயில் விழாக்களில் இன்றும் நடைபெறும் அங்குரார்ப்பணச் சடங்கில் இது பயன்படுகிறது.

இதன் மக்கள் வடிவம் முளைப்பாரி. ஆழம் குறைந்த மண் ஓட்டிலோ சட்டியிலோ வைக்கோலும் காய்ந்த எருவும் பரப்பி, ஊறவைத்த நவதானியங்களைத் தூவி, இருட்டறையில் வைப்பார்கள். வெளிச்சம் கிடைக்காததால் இலையில் பச்சையம் உண்டாவதில்லை. முளைகள் வெளிர் மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று உயரும். விழா முடிந்ததும் பெண்கள் அவற்றைத் தலையில் சுமந்து சென்று நீர்நிலையில் கரைப்பார்கள். அறைக்குள் கலத்தில் பயிர் வளர்க்கும் முறையாக இதைவிடத் தெளிவான பழைய சான்று தமிழரிடம் வேறில்லை என்றே சொல்லலாம். கலத்தின் அளவும் இங்கே காரணத்தோடுதான் அமைந்திருக்கிறது. முளைகளின் ஆயுள் ஒன்பது பத்து நாள். அதற்குள் வேர் ஆழமாக இறங்காது. ஆகவே அகலம் போதும், ஆழம் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டிய துளசிக்கோ ஆழமான மாடம் கட்டப்பட்டது. செடி எத்தனை காலம் கலத்தில் இருக்கப்போகிறது என்பதே கலத்தின் அளவை முடிவு செய்தது.

கப்பலேறிய செடிகள்

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. ஐரோப்பிய வணிகக் கழகங்கள் பயன்தரும் செடிகளை ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்துக்குக் கொண்டு செல்லப் போட்டியிட்ட காலம் அது. பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சு அதிகாரியின் முயற்சியால் 1770இல் கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகள் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து மொரீசியசுக்கு வந்து சேர்ந்தன. அதே ஆண்டில் லண்டனில் ஜான் எல்லிஸ் என்பவர், தொலைதூர நாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் கொண்டுவரும் முறைகளை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். உப்புக் காற்றும், குடிநீர்ப் பற்றாக்குறையும், எலிகளும் கப்பலில் சென்ற செடிகளில் பெரும்பாலானவற்றை அழித்துக்கொண்டிருந்தன.

கலத்தின் அளவு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு 'பவுண்டி' என்ற ஆங்கிலக் கப்பல் நல்ல எடுத்துக்காட்டு. தகித்தித் தீவிலிருந்து 1789இல் புறப்பட்டபோது அதில் 1015 ஈரப்பலாக் கன்றுகள் இருந்தன. அவை 774 சட்டிகளிலும், 39 மரத்தொட்டிகளிலும், 24 பெட்டிகளிலும் வைக்கப்பட்டிருந்தன. தலைவருக்குரிய பெரிய அறையே செடிகளுக்கு ஒதுக்கப்பட்டது. சட்டிகள் ஆடாமல் உட்காரத் துளையிட்ட தளம் அமைக்கப்பட்டது. வடியும் நீரை மீண்டும் பயன்படுத்துவதற்காகத் தரையில் ஈயத்தகடு வேய்ந்து குழாய் வைத்தார்கள். மனிதருக்கே நீர் அளந்து கொடுக்கப்படும் கப்பலில் ஒவ்வொரு சட்டியும் ஒரு வாயைப்போல நீர் கேட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் கலகம் வெடித்தபோது கலகக்காரர்கள் அந்தக் கன்றுகளைக் கடலில் வீசினர்.

வார்டு பெட்டி

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் நதானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர். மூடிய கண்ணாடிக் குடுவையிலிருந்த ஈரமண்ணில் பெரணி தானாக முளைத்திருப்பதை அவர் 1829 அளவில் கவனித்தார். செடி வெளிவிடும் நீராவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதால், அதற்குத் தனியே நீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக் கூரை போட்ட மரப்பெட்டிகளை 1833இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிச் சோதித்தார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அப்பெட்டி 'வார்டு பெட்டி' என்று பெயர் பெற்றது.

சீனத் தேயிலை இந்தியாவுக்கு வந்ததும், 1860ஐ ஒட்டிச் சின்கோனா நீலகிரிக்கு வந்ததும் இப்பெட்டியின் துணையோடுதான். பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தபின், 1876இல் சுமார் 1900 கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. ரப்பர் விதை விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவே கன்றாக அனுப்புவதே நம்பகமான வழியாக இருந்தது. தேயிலைத் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் பெருகியபோது அங்கே வேலைக்குச் சென்றவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி லட்சக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் வாழ்விடத்தை மாற்றியதில் பங்கு வகித்தது என்றால் அது மிகையன்று.

காரைக்காலிலிருந்து போன பெயர்கள்

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பல்கள் சென்றன. ரீயூனியன் கிரியோல் மொழியில் கறிவேப்பிலைக்கு இன்றும் 'கலுபிலே' என்று பெயர். முருங்கை அங்கே 'முரூம்'. செடிகளோடு தமிழ்ப் பெயர்களும் அங்கே வேர்விட்டன.

முருங்கை விதையை உலர்த்தி முடிந்து எடுத்துச் செல்லலாம். கறிவேப்பிலை விதையோ காய்ந்தால் விரைவில் முளைக்கும் திறனை இழக்கும். அதற்குப் புது விதையோ, ஈரமண்ணோடு கூடிய கன்றோ வேண்டும். கலம் எல்லாச் செடிக்கும் சமமாகத் தேவைப்பட்டதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

கஞ்சாவும் சட்டமும்

கஞ்சா உலர்ந்த விதையாலேயே எளிதில் பரவும் செடி. ஆகவே அது கடல் கடக்கப் பெட்டி தேவைப்படவில்லை. ஜமைக்காவில் 'கஞ்சா' என்ற சொல்லே வழங்குவது இந்தியக் கூலிகள் அங்கு சென்றதன் அடையாளம்.

பிரித்தானிய இந்திய அரசு 1893இல் கஞ்சா பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, முழுத்தடை தேவையில்லை என்றும், உரிமமும் வரியும் வைத்துக் கட்டுப்படுத்தலாம் என்றும் 1894இல் அறிக்கை தந்தது. காரைக்காலைச் சூழ்ந்திருந்த தஞ்சை மாவட்டம் ஆங்கிலேயரின் கலால் சட்டத்துக்கு உட்பட்டது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அச்சட்டம் அங்கே செல்லவில்லை. சில கல் தொலைவுக்குள் இரண்டு அரசுகள், இரண்டு சட்டங்கள்.

காரைக்கால் 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. நாடு முழுவதற்குமான போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் வந்தபின் எல்லைக்கு இருபுறமும் ஒரே விதிதான். உரிமமின்றிக் கஞ்சாச் செடி பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வயலுக்கு ஒரு விதி, பூந்தொட்டிக்கு ஒரு விதி என்று அச்சட்டம் பிரிக்கவில்லை. வீட்டுக்குள் ஒரு சட்டியில் வளர்ப்பதும் பயிரிடுவதே.

கனடா 2018இல் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகளையும், ஜெர்மனி 2024இல் வயதுவந்த ஒருவருக்கு மூன்று செடிகளையும் அனுமதித்தன. இச்சட்டங்கள் செடிகளை எண்ணுகின்றனவே தவிர, கலத்தை அளப்பதில்லை. எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டால் ஒவ்வொரு செடியையும் பெரிதாக்கும் எண்ணம் வரும். அதற்குப் பெரிய தொட்டி வேண்டும். கலத்தின் அளவைச் சட்டமும் மறைமுகமாக முடிவு செய்கிறது என்பதற்கு இது நம் காலத்து எடுத்துக்காட்டு.

மண்சட்டியிலிருந்து பை வரை

சுட்ட மண்சட்டியின் சுவரில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டும். நெகிழித் தொட்டி நீரைப் பிடித்து வைக்கும், வெயிலில் சூடேறும். வழவழப்பான சுவருள்ள கலத்தில் வேர் சுற்றிச் சுற்றி ஓடிச் சுருளும். காற்றுப் புகும் துணிப்பையில் வேர்நுனி காய்ந்து நின்று, பக்க வேர்கள் கிளைக்கும். இத்தகைய பைகள் 1980களில் அமெரிக்க நாற்றங்கால்களில் பரவின. தமிழ்நாட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளை மாடித்தோட்டங்களுக்கு வழங்கும் அரசுத் திட்டம் 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது.

எந்தக் கலமானாலும் அடியில் சிறிது உயரத்துக்கு நீர் தேங்கியே நிற்கும். ஆழம் குறைந்த கலத்தில் அந்த ஈரப்பகுதியே பெரும்பங்காகி வேர் அழுகும். சிறு கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். ஆகவேதான் சிறு பையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிய கலத்துக்கு மாற்றும் வழக்கம் வந்தது.

காரைக்கால் கரையில் இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் வயல்களிலும் கிணறுகளிலும் புகுந்து உப்பை விட்டுச் சென்றது. உப்பேறிய நிலத்தருகே வாழ்பவருக்குத் தொட்டி என்பது தாமே தேர்ந்த மண்ணில் செடி வளர்க்கும் வழி. ஆனால் உப்புநீரை ஊற்றினால் தொட்டியிலும் உப்பு சேரும். சட்டியின் வெளிப்புறத்தில் படியும் வெள்ளைப் பூச்சு அதன் அடையாளம். அடித்துளை அடைபடாமல் பார்த்து, மழைநீரால் அவ்வப்போது மண்ணை அலசிவிடுவதே அதற்கு மருந்து.