கடலடி மின் இணைப்பும் மலாய்க் காட்டுப் பாலும்

இன்று கடலடியில் எண்ணெய்க் கிணறுகளுக்கும் காற்றாலைகளுக்கும் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் செல்கிறது. இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் சிறிதளவு உப்புநீர் புகுந்தாலும் இணைப்பு பாழ். இந்தச் சிக்கலுக்கு முதல் விடை கிடைத்தது மலாய் நாட்டுக் காட்டில்.

கெத்தா பெர்ச்சா என்ற மரப்பாலைக் கொண்டு மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்துவந்தார்கள். அது வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அதைக் கவனித்தார். 1843-இல் மாதிரிகள் லண்டன் சென்றன. மின்சாரத்தைக் கசியவிடாத, கடல்நீரில் கெடாத பொருள் அது என்பது சில ஆண்டுகளில் தெரிந்துவிட்டது.

1858 ஜூலை 29. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அகமெம்னான், நயாகரா என்ற இரு கப்பல்கள் சந்தித்தன. இரு கம்பிவடங்களின் முனைகளையும் இணைத்து, ஒன்று அயர்லாந்தை நோக்கியும் மற்றொன்று நியூஃபவுண்ட்லாந்தை நோக்கியும் பிரிந்தன. ஆகஸ்ட் 5-இல் இரு கரைகளும் இணைந்தன. விக்டோரியா மகாராணியாரின் 98 சொற்கள் போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது!

இந்த மந்தத்தைப் போக்க வைல்ட்மேன் வைட்ஹவுஸ் கண்ட வழி, மின்னழுத்தத்தை ஏற்றுவது. தொழிலால் அவரும் மருத்துவர்தான். ஆனால் நோயாளியைக் கொன்ற சிகிச்சை அது. சுமார் 2,000 வோல்ட் ஏற்றினார். செப்டம்பர் தொடக்கத்திலேயே கம்பி ஊமையாகிவிட்டது. குறைந்த மின்சாரமே போதும், அதை உணரும் நுட்பமான கருவிதான் வேண்டும் என்று வாதிட்டவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இவரே. பழி முழுவதையும் வைட்ஹவுஸ் மீது போடுவதும் நியாயமல்ல. அவசரத்தில் செய்து, வெயிலில் கிடத்திய கம்பி அது. உறை முன்பே பழுதுபட்டிருந்தது.

1865-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் இட்ட அடுத்த கம்பி நடுக்கடலில் அறுந்தது. மறு ஆண்டு புதிய கம்பியை வெற்றிகரமாக இட்டுவிட்டு, அதே கப்பல் திரும்பிப்போய்ப் பழைய முனையைத் தேடியது. இரண்டு மைலுக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து கொக்கி போட்டுத் தூக்கினார்கள். ஓராண்டு கடலடியில் கிடந்தும் உறை கெடவில்லை. புதிய கம்பியோடு இணைத்ததும் அதுவும் பேசியது.

ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கலாம். கெத்தா மரத்தையோ வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். அதனால் மலாய்க் காடுகளில் அது அரிதாகிப்போனது. 20-ஆம் நூற்றாண்டில் பாலிஎதிலீன் வந்த பிறகே கடல்கம்பிகள் அந்த மரத்தை விட்டன.