பொருளும் கோலமும்: வலைப்பக்கக் கலையின் வரலாறு

நூல் ஒன்று படிப்போர் கையை அடையுமுன் இருவர்தம் உழைப்பு அதிற் கலக்கின்றது. எழுதுவோர் பொருளைத் தருகின்றார். அச்சுக்கோப்போர் அதற்குக் கோலம் தருகின்றார். எழுத்தின் அளவும் வரிகளின் இடைவெளியும் தாளிற் பதிந்தபின் அவற்றை மாற்றுதல் இயலாது. கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர் எழுத்துச் சிறிதென வருந்தினும் நூல் அவருக்காக மாறுவதில்லை. கணினித் திரையில் தோன்றும் வலைப்பக்கமோ இத்தன்மையதன்று. அங்கே பொருள் வேறு, கோலம் வேறு எனப் பிரித்து வைத்தல் கூடும். இவ்வெளிய உண்மை நடைமுறையில் வேரூன்ற இருபது ஆண்டுகளுக்கு மேலாயின.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று பொருளின் அமைப்பையே சுட்டியது. தலைப்பு எத்துணைப் பெரிதாய்த் தோன்றவேண்டும் என்பது உலாவியின் பொறுப்பாயிற்று. ஆய்வுக் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்ட அறிவியலாளர்க்கு அது போதுமானதாயிருந்தது. ஆனால், 1993இல் மொசைக் உலாவி வெளிவந்து, வலை பொதுமக்களிடையே பரவியதும் வணிகரும் இதழாளரும் வண்ணத்தையும் அழகையும் நாடினர்.

இந்நிலையில், செர்னில் பணிபுரிந்த நார்வே நாட்டவரான ஹோக்கன் வியூம் லீ, 1994 அக்டோபர் 10ஆம் நாள் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். நடைத்தாள் எனத்தகும் தனி ஏட்டில் கோலத்திற்குரிய விதிகளை எழுதிவைத்தல் அதன் அடிப்படை. நூறு பக்கங்கள் ஒரே ஏட்டைப் பின்பற்றுமாயின், அவ்வேட்டில் ஒரு வரியைத் திருத்த நூறு பக்கங்களும் மாறும். மேலும், ஆக்கியோனின் விதிகளோடு வாசகனின் விதிகளையும் அடுக்கி, அவற்றுள் முரண் நேரின் எது மேலோங்கும் என்பதற்கும் முறை வகுக்க முற்பட்டார் அவர். நெதர்லாந்து நாட்டவரான பெர்ட் போஸ் அவருடன் இணைந்தார். 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். என்னும் பெயரில் அதன் முதற்பதிப்பு, வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ.3.சி. அமைப்பின் பரிந்துரையாயிற்று.

ஆயினும், ஏட்டில் எழுதிய விதி நாட்டில் உடனே நடைமுறையாகிவிடுவதில்லை. உலாவி நிறுவனங்கள் விதிகளை அரைகுறையாகவே நிறைவேற்றின. 200 படப்புள்ளி அகலமுள்ள பெட்டிக்கு இருபுறமும் 20 புள்ளி உள்ளிடமும் 5 புள்ளிக் கரையும் சேர்த்தால் மொத்தம் 250 என்பது தரவிதி. விண்டோஸ் கணினிக்குரிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5ஆம் பதிப்போ எல்லாவற்றையும் 200க்குள் அடக்கிற்று. ஓர் உலாவியில் செம்மையாய்த் தோன்றிய பக்கம் பிறிதொன்றிற் சிதைந்தது.

எனவே, பக்கம் வகுப்போர் குறுக்குவழியை நாடினர். எண்களையும் தரவுகளையும் நிரைப்படுத்தவென அமைந்த அட்டவணையைக் கொண்டு பக்கத்தையே கட்டினர். கண்ணுக்குப் புலனாகா ஒற்றைப்புள்ளிப் படத்தை நீட்டி வெற்றிடம் உண்டாக்கினர். காண்பார்க்கு அழகு கிட்டியது. ஆனால், பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் கருவியின் குரல் வழியே படிக்கின்றனர். அக்கருவி அட்டவணைக் கட்டங்களை எழுதிய வரிசையிலேயே ஒப்பித்தமையால், தொடர்பற்ற சொற்குவியலே பலகால் அவர்தம் செவியை எட்டியது.

இக்குறையை நீக்க இருபெரு முயற்சிகள் நிகழ்ந்தன. 1998இல் வெளிவந்த சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பு, முதன்மையானதெனக் குறிக்கப்பட்ட விதிகளுக்கிடையே முரண் எழின் வாசகனின் விதியே வெல்லும் என மாற்றியமைத்தது. முதற்பதிப்பில் அவ்வெற்றி ஆக்கியோனுக்கே இருந்தது. 1999இல் வெளியான அணுகல் நெறிமுறைகளோ கோலத்திற்கு நடைத்தாளையே கையாளுமாறு வலியுறுத்தின. அவ்வாறாயின் அழகு குன்றும் என அஞ்சியோர்க்கு 2003இல் விடை கிடைத்தது. கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே, 'சி.எஸ்.எஸ். ஸென் கார்டன்' என்னும் தளத்தில் ஒரே உரைக்குப் பற்பல கலைஞர்கள் வெவ்வேறு கோலங்கள் புனையச் செய்தார். உரையின் குறிமொழியில் ஒரு சொல்லும் மாறவில்லை. தோற்றமோ முற்றிலும் மாறியது.

படங்களின் வரலாறும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. புள்ளிகளாலான படத்தைப் பெரிதாக்கின் விளிம்புகள் படிப்படியாய் உடையும். வெக்டர் படமோ கோடு செல்லும் வழியையே கணக்காய்ச் சேமிக்கின்றது. எனவே எவ்வளவு பெரிதாக்கினும் கூர்மை குன்றாது. அதன் வளைகோட்டுக் கணிதம் மகிழுந்துத் தொழிலிற் பிறந்தது. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ கஸ்தெல்ஜோ 1959இலும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே 1960களிலும் அதனை வளர்த்தனர். இரு முனைப்புள்ளிகளும், கோட்டைத் தம்பால் ஈர்க்கும் இரு புள்ளிகளும் ஒரு வளைவைத் தீர்மானிக்கின்றன. கணினி எழுத்துருக்களில் 'ஞ' போன்ற தமிழெழுத்தின் வளைவுகளும் இத்தகைய கணிதத்தாலேயே வரையப்படுகின்றன. 1998இல் போட்டியிட்ட முன்மொழிவுகளை அடுத்து, 2001 செப்டம்பரில் எஸ்.வி.ஜி. என்னும் பொதுத்தரம் உருவாயிற்று. இப்படமும் எழுத்தாலேயே எழுதப்படுவதால், அதனுள் உள்ள சொற்களைக் கருவி படித்துக் காட்டுதலும், நடைத்தாளால் அதன் நிறத்தை மாற்றுதலும் இயல்வதாயின.

கைப்பேசிகள் பெருகியபின் ஒரே பக்கம் பல அளவுத் திரைகளுக்குப் பொருந்தவேண்டிய தேவை எழுந்தது. 2010இல் ஈதன் மார்க்கோட், திரைக்கேற்ப நெகிழும் வடிவமைப்பு முறையை விளக்கினார். 2017இல் முன்னணி உலாவிகள் 'கிரிட்' என்னும் கட்ட அமைப்பு முறையை ஏற்றன. பக்கத்தை நிரையும் நிரலுமாய்ப் பகுக்க அட்டவணையைக் கடன் வாங்கும் தேவை அதனோடு ஒழிந்தது.

இவ்வரலாறு அழகின் வளர்ச்சியை மட்டும் காட்டுவதன்று. பொருளையும் கோலத்தையும் பிணைத்தபோது பார்வையற்றோரும், சிறு திரை உடையோரும் புறத்தே நிறுத்தப்பட்டனர். பிரித்து வைத்தபோது அவ்வுரையே அவர்க்கும் உரியதாயிற்று. பொருளைத் தெளிவுற அமைத்துப் பின்னரே அணி செய்தல் வேண்டும் என்பது எழுத்துக்கு மட்டுமன்றி வலைப்பக்கத்திற்கும் உரிய நெறியாம்.