கிளிநொச்சியில் போட்ட பாதை மடுல்கெல்லவில் ஏன் மாறுகிறது?

1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய பல குடும்பங்களுக்கு இன்றும் பழைய தோட்டங்களில் உறவுகள் இருக்கின்றன. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. செத்த வீடோ, கலியாணமோ, தோட்டத்துக் கோவில் திருவிழாவோ, கிளிநொச்சியிலிருந்து மடுல்கெல்லப் பக்கம் வான் புறப்படும் ஒவ்வொரு தடவையும் சாரதிக்குப் பாதை போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. இப்போது மற்றக் குடும்பங்களும் கேட்கின்றன. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “நீங்கள் அனுப்பிய பாதை ஒன்று, என் கைபேசி காட்டுகிற பாதை வேறொன்று. ஏன்?”

ஏ-9 வீதியில் மாத்தளை வரை சிக்கல் இல்லை. அதற்கப்பால் வத்தேகம, பன்வில ஊடாக மடுல்கெல்லவுக்கு ஏற வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரம் அது. தேயிலைக்கு நடுவே செல்லும் தோட்ட வீதிகளும் வரைபடத்தில் கோடுகளாக இருக்கின்றன. செயலி தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிறது. பதினைந்து பேர் ஏறிய வான் அந்த வளைவில் திரும்புமா என்று அது பார்ப்பதில்லை. இரவில், மழையில், எதிரே லொறி வரும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும்.

கூகுள் மப்ஸில் பாதையைத் தேர்ந்து அதன் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அந்த இணைப்பில் முக்கியமாக இருப்பது தொடங்கும் இடம், முடியும் இடம், இடையில் நாம் சேர்த்த தரிப்புகள் ஆகியவைதான். நாம் பார்த்த கோடு அப்படியே போவதில்லை. பெறுபவர் திறக்கும் நேரத்தில் செயலி மறுபடி கணிக்கிறது. கணினியில் கோட்டை விரலளவு இழுத்து மாற்றியிருந்தாலும், அந்த மாற்றம் மற்றவரின் கைபேசிக்குப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்கக் கூடாது. இணைப்புத்தான் அனுப்ப முடியும் என்றால் வத்தேகம நகரையும் பன்வில நகரையும் தரிப்புகளாகச் சேர்த்து அனுப்புங்கள். முழுத் தீர்வு இல்லை, ஆனால் பெரிய குழப்பம் குறையும்.

கோட்டையே அனுப்ப ஒரு கோப்பு வேண்டும். 2002 இல் வெளியான ஜி.பி.எக்ஸ் என்ற கோப்பு வடிவத்தை வரைபடச் செயலிகளில் அநேகமானவை வாசிக்கும். அதற்குள் மூன்று வகையான தகவல் இருக்கலாம்: தனிப் புள்ளிகள், ‘ரூட்’, ‘ட்ராக்’. ரூட் என்பது வரிசையாக வைத்த சில புள்ளிகள். அவற்றுக்கு இடையே எந்த வீதி என்பதைப் பெறும் செயலியே முடிவு செய்யும். ட்ராக் என்பது வீதி நெடுகிலும் நெருக்கமாக இட்ட புள்ளிகள், அதாவது கோடு முழுவதும். மலைப் பாதைக்கு எப்போதும் ட்ராக்கையே அனுப்புங்கள். செயலியை மாற்றும்போது பாதையும் மாறுவதற்கு நான் கண்ட முதற் காரணம், ட்ராக் அனுப்ப வேண்டிய இடத்தில் ரூட் அனுப்புவதே.

நான் ஒஸ்மாண்ட் செயலியில் பாதையை வரைந்து, ட்ராக்காகச் சேமித்து, வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புகிறேன். பெறுபவர் கோப்பைக் கைபேசியில் சேமித்து ஒஸ்மாண்டில் திறந்தால், அந்தக் கோட்டின் வழியே அது திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டும். ஓர்கானிக் மப்ஸும் கோப்பைத் திறக்கும். கோட்டைப் படத்தில் காட்டும், ஆனால் அதைப் பின்பற்றிக் குரலில் வழி சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூகுளின் மை மப்ஸில் வரைந்ததைக் கே.எம்.எல் கோப்பாக வெளியே எடுக்கலாம். ஆனால் கூகுள் மப்ஸின் வழிகாட்டல் வெளியிலிருந்து வந்த கோட்டைப் பின்பற்றாது. கூகுள் மட்டும் பாவிக்கும் சாரதிக்கு எவ்வளவு விளக்கினாலும் இது பிடிபடுவதில்லை, அவரில் பிழையுமில்லை.

கையால் எண்களைத் தட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மடுல்கெல்ல ஏறத்தாழ அகலக்கோடு 7.4, நெடுங்கோடு 80.7 இல் இருக்கிறது. கூகுள் மப்ஸின் தேடலில் அகலக்கோடு முதலில் வரும், கே.எம்.எல் கோப்புக்குள் நெடுங்கோடு முதலில் வரும். மாற்றிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக் கடலில் விழும்.

எண்களை வைத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தோட்டங்களை எங்கள் சனம் அழைக்கும் தமிழ்ப் பெயர்கள் வேறு, பதிவிலுள்ள ஆங்கிலப் பெயர்கள் வேறு. அம்மம்மா சொல்லும் பெயரைத் தேடலில் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. லயத்தில் இருக்கும் உறவினரிடம் அவர் நிற்கும் இடத்தை ஒருமுறை அனுப்பச் சொல்லி, அந்தப் புள்ளிக்கு அம்மம்மாவின் பெயரையே வைத்துக் கோப்பில் சேமித்துவிடலாம்.

இலங்கை வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ் செய்மதியிலிருந்து வருவதால் இணையம் தேவையில்லை. வரைபடம்தான் கைபேசிக்குள் இருக்க வேண்டும். அனுப்ப முன்னர் இரண்டாவது கைபேசியில், இணையத்தை நிறுத்திவிட்டு, கோப்பைத் திறந்து பாருங்கள். ஆனால் தரவிறக்கிய வரைபடத்துக்கு நேற்றைய மண்சரிவு தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் எத்தனையோ வீதிகள் துண்டிக்கப்பட்டன. மழைக்காலத்தில் புறப்படும் காலையில் தோட்டத்துக்கு ஒரு அழைப்பு எடுக்காமல் நான் எந்த வானையும் அனுப்புவதில்லை.

இன்னொரு விடயம், எங்கள் வாசகர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. திட்டமிட்டு வரைந்த கோட்டில் நேரம் இராது. பயணம் செய்துகொண்டே பதிவுசெய்த ட்ராக்கில் வழமையாக ஒவ்வொரு புள்ளிக்கும் திகதியும் நேரமும் இருக்கும்: யார் வீட்டுப் படலையிலிருந்து புறப்பட்டது, எங்கே எவ்வளவு நேரம் நின்றது, எல்லாமே. அதைக் குடும்பக் குழுவில் போட்டால் அது எந்தக் கைபேசிகளுக்குப் போகிறது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே பதிவுசெய்ததை அனுப்பாமல் புதிதாக வரைந்ததை அனுப்புங்கள். தொடக்கத்தையும் வீட்டில் வைக்காமல் டிப்போச் சந்தியில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் கட்டுநாயக்கவிலிருந்து நேரே கண்டிக்கு ஏறுவார்கள். அவர்களுக்கு ஏ-9 தேவையில்லை. அதனால் நான் வத்தேகமவிலிருந்து மடுல்கெல்ல வரையான துண்டைத் தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன். கனடாவிலிருந்து வருபவருக்கும் கிளிநொச்சியிலிருந்து வருபவருக்கும் அதே கோப்புத்தான் போகிறது.