விநோதம் என்று ஒரு வியாதி

நியூயார்க் நகரம். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருக்கின்றன. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஒன்று தெருவில் விரைகிறது. மோட்டார் வண்டி அல்ல, குதிரை வண்டி! அந்தக் காலத்து ஆம்புலன்ஸை இழுத்தவை குதிரைகள்தான். உள்ளே உட்கார்ந்திருக்கும் பயிற்சி டாக்டர், நோயாளிக்குப் போட்டியாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயர் ராபர்ட் குக். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாக்காரர். அதுவும், குதிரை பக்கத்தில் போனால் போதும்... நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்டவரைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊர் சுற்றவிட்டால்?

குதிரை அவரை அத்தோடு விடவில்லை. தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியா, குழந்தைகளைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போன காலம் அது. அந்த நோயாளிகளோடு பழக நேர்ந்ததால், குக்குக்கு முன்ஜாக்கிரதையாக ஊசி போட்டார்கள். அந்த மருந்து எப்படித் தயாரானது தெரியுமா? டிப்தீரியா விஷத்தைக் குதிரையின் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். விஷத்தை முறியடிக்கும் சக்தி குதிரையின் ரத்தத்தில் உண்டாகும். அந்த ரத்தத்தின் தெளிந்த நீரை, அதாவது சீரத்தைப் பிரித்தெடுத்து மனிதர்களுக்கு ஊசியாகப் போடுவார்கள். எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய மருந்து. குக்கையோ மரணத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டது!

எப்படியோ பிழைத்து எழுந்தார். ஊருக்கே மருந்தாக இருப்பது தனக்கு மட்டும் ஏன் எமனாக வரவேண்டும்? பிற்பாடு, அலர்ஜியே அவருடைய வாழ்நாள் வேலையாகிப் போனது.

கொஞ்சம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவோம். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு மார்கழி பிறந்தால் இழுப்பு. சித்தப்பாவுக்கு முழங்கை மடிப்பில், கழுத்தில் எல்லாம் கரப்பான். அத்தை மகனுக்கு இறால் ஆகாது, ஒரு துண்டு வாயில் பட்டால் உதடு வீங்கிவிடும். மூன்றுக்கும் வீட்டில் தனித்தனிக் காரணம் வைத்திருந்தார்கள். பாட்டிக்குப் பனி, சித்தப்பாவுக்குக் கத்திரிக்காய், அத்தை மகனுக்குக் கொழுப்பு! மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று யாருக்கும் தோன்றியதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்தவர்களில் ஒருவர் குக். 1916-ல், ஆல்பர்ட் வாண்டர் வீர் என்ற சக டாக்டரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தம் 504 நோயாளிகள். ஒவ்வொருவரிடமும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று குடும்பக் கதையைத் துருவித் துருவிக் கேட்டார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேரின் வீட்டில் இதே மாதிரி தொல்லை உள்ள இன்னொருவர் இருந்தார். தாய், தந்தை இரண்டு பக்கமும் இருந்துவிட்டால், பிள்ளைக்கு இன்னும் சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட்டது.

இதைவிட முக்கியமான ஒன்றும் அந்தக் கட்டுரையில் இருந்தது. அப்பாவுக்குக் குதிரை ஆகாது என்றால், பிள்ளைக்கும் குதிரைதான் ஆகாது என்பதில்லை. பிள்ளைக்கு முட்டை ஆகாமல் போகலாம், மகரந்தம் ஆகாமல் போகலாம். அதாவது, பெற்றோரிடமிருந்து வருவது ஒரு குறிப்பிட்ட வியாதி அல்ல. எதையாவது ‘ஆகாது’ என்று முடிவு கட்டிவிடும் சுபாவம்தான் வருகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் எழுதியது... இன்றைக்கும் இதில் பெரிதாகத் திருத்த ஒன்றுமில்லை.

இந்தச் சுபாவத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா? ஆர்தர் கோகா என்ற விஞ்ஞானியும் குக்கும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த எட்வர்ட் பெர்ரியிடம் போனார்கள். அவர் எடுத்துக் கொடுத்த வார்த்தைதான் ‘அடோபி’. கிரேக்கத்தில் இடம் தப்பியது, விநோதமானது என்று பொருள். வருடம் 1923. பெயர் வைத்தவர்களின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். புரியாத வியாதிக்குப் புரியாதது என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

இதற்கு இரண்டு வருடம் முன்பு, அன்றைக்கு ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் ஒரு கூத்து நடந்தது. ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற டாக்டருக்கு மீன் ஆகாது. அதிலும் பச்சை மீன் ஒன்றும் செய்யாது, சமைத்த மீன்தான் ஆளைப் புரட்டிப் போடும். அவருடைய சக டாக்டர் கார்ல் பிரவுஸ்னிட்ஸுக்கு மீனோடு எந்த வம்பும் இல்லை, புல்லின் மகரந்தம்தான் எதிரி. இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். குஸ்ட்னரின் சீரத்தில் ஒரு சொட்டை பிரவுஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலுக்குள் ஊசியால் ஏற்றினார்கள். மறுநாள், அதே இடத்தில் மீன் சாறு.

சில நிமிடங்கள்தான். மீனை ஒரு பிடி பிடிக்கிற பிரவுஸ்னிட்ஸின் வயிற்றில், சரியாக அந்த இடம் மட்டும் அரிப்போடு தடித்துச் சிவந்தது!

ஆக, ‘ஆகாது’ என்ற உத்தரவு ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருளில் எழுதியிருக்கிறது. ஓர் உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு அதை மாற்றவும் முடிகிறது. என்ன பொருள் அது? கண்டுபிடிக்க மேலும் நாற்பத்தைந்து வருடம் பிடித்தது. அமெரிக்காவின் டென்வர் நகரில் இஷிசாகா என்ற ஜப்பானிய விஞ்ஞானத் தம்பதி, தங்கள் முதுகிலேயே ஊசி குத்திக்கொண்டு தேடி, 1966-ல் பிடித்தார்கள். ஐ.ஜி.ஈ. என்ற புரதம். ஸ்வீடனிலும் அதே சமயத்தில் இரண்டு பேர் வேறு வழியாக அங்கே வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கு அலர்ஜி என்று போனால் லேபில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களே, அது இதைத்தான்.

சரி, கரப்பான் எங்கே போனது? இதே கரப்பான்காரர்களுக்கு ஆஸ்துமாவும் வருகிறது என்று பாரிஸ் தோல் டாக்டர் பெஸ்னியே 1892-லேயே எழுதிவிட்டார். 1933-ல் நியூயார்க்கின் சல்ஸ்பெர்கர், வைஸ் இருவரும் கரப்பானையும் அந்த ‘விநோத’க் குடும்பத்தில் முறைப்படி சேர்த்தார்கள். ஆனால், குடும்பத்தின் கடைக்குட்டியாக! ரத்தத்தில் கோளாறு, அது தோலில் வெளியே தெரிகிறது... அவ்வளவுதான் என்பது பல வருட நம்பிக்கை. கரப்பான் வந்தால் நாம் பத்தியம் இருப்பதும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான்.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்.

1990-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேர்க்கடலை அலர்ஜி பெரிய பீதியானது. ஒரு கடலைத் துணுக்கில் உயிர் போன குழந்தைகள் உண்டு. 1998-ல் பிரிட்டிஷ் அரசு ஓர் அறிவுரை வெளியிட்டது. குடும்பத்தில் ஆஸ்துமா, கரப்பான், அலர்ஜி இருக்கிறதா? அப்படியானால் கர்ப்பிணிகள் கடலையைத் தவிர்ப்பது நல்லது. குழந்தைக்கு மூன்று வயது வரை கண்ணிலேயே காட்டாதீர்கள். 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதே ரீதியில் சொன்னது. ஆகாத பொருளை விலக்கு... கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! தாய்மார்கள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

கடலை அலர்ஜி குறையவில்லை. ஏறிக்கொண்டே போனது.

லண்டனில் கிடியன் லாக் என்ற குழந்தை மருத்துவருக்கு இது உறுத்தியது. அவர் குழு 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கர்ப்பத்தில் அம்மா கடலை சாப்பிட்டதற்கும் பிள்ளையின் அலர்ஜிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால், கரப்பானுக்குப் பூசிய சில களிம்புகளில் கடலை எண்ணெய் இருந்தது. அதைப் பூசிய குழந்தைகளிடம் கடலை அலர்ஜி அதிகம்! வாயைப் பூட்டிவிட்டுத் தோல் வழியாகக் கடலையை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொரு சம்பவம். டெல் அவீவில் டாக்டர்கள் கூட்டத்தில் பேசப் போன லாக், ‘கடலை அலர்ஜிக் குழந்தையைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்’ என்றார். லண்டனாக இருந்தால் அநேகமாக எல்லாக் கையும் எழும். அங்கே எழுந்தது இரண்டு மூன்று கைகள். விசாரித்தால், இஸ்ரேலில் பால்குடி மாறாத குழந்தைகள்கூட ‘பம்பா’ என்று ஒன்றைச் சப்பிக்கொண்டிருக்கின்றன. கடலை விழுது பூசிய சோளப் பொரி! லண்டன் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேல் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2008-ல் கணக்கு வெளியானது. லண்டனில் கடலை அலர்ஜி 1.85 சதவிகிதம், இஸ்ரேலில் 0.17. பரம்பரை ஏறக்குறைய ஒன்றுதான், அலர்ஜி மட்டும் பத்து மடங்கு.

தோல் ஏன் இப்படிக் கதவைத் திறந்துவிடுகிறது? அதற்கும் விடை வந்திருந்தது. 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், இர்வின் மெக்லீன் குழுவினர் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் கோளாறு கண்டுபிடித்தார்கள். செங்கல்லுக்குச் சுண்ணாம்புக் காரை மாதிரி தோலைக் கெட்டியாக வைக்கும் புரதம் இது. ஐரோப்பியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உண்டு. காரை உதிர்ந்த சுவரில் மழை நீர் இறங்குவதுபோல, தூசியும் உணவுத் துணுக்கும் தோலுக்குள் இறங்குகின்றன. வயிற்றுக்குள் விருந்தாளியாக வரவேண்டியது தோல் வழியாகத் திருடன் மாதிரி நுழைந்தால், உடம்பு எதிரி என்றுதானே எழுதிக்கொள்ளும்? முதலில் கரப்பான், அப்புறம் உணவு அலர்ஜி, அதற்கப்புறம் இழுப்பு என்று பல குழந்தைகளுக்கு வரிசையாக வருவதன் ரகசியம் இதில் பெரும்பங்கு இருக்கிறது. முழு ரகசியமும் அல்ல. ஃபிலாக்ரின் நன்றாக இருந்தும் கரப்பான் வருகிறவர்கள் நிறைய. கோளாறு இருந்தும் ஒன்றும் வராதவர்களும் உண்டு.

லாக் துணிந்து ஒரு பரீட்சையில் இறங்கினார். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகள், வயது 4 முதல் 11 மாதம். தோல் சோதனையில் ஏற்கெனவே பெரிதாகத் தடித்த குழந்தைகளைச் சேர்க்கவில்லை. பாதிப் பேருக்கு வாரம் மூன்று வேளையாவது கடலை உணவு, மீதிப் பேருக்குக் கடலை வாசனையே கிடையாது. ஐந்து வயதில் சோதித்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. கடலையை ஒதுக்கியவர்களில் 17.2 சதவிகிதம் பேருக்கு அலர்ஜி. சாப்பிட்டவர்களில் 3.2. அந்தக் குழந்தைகள் பதின்வயதைத் தொட்ட பிறகு, ஐந்நூற்றுச் சொச்சம் பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் பார்த்தார்கள். 2024-ல் வந்த கணக்குப்படி 15.4-க்கு 4.4.

பழைய அறிவுரையை 2008, 2009-லேயே வாபஸ் வாங்கிவிட்டார்கள். 2017-ல் அமெரிக்காவில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, சீக்கிரம் கொடுங்கள் என்றே எழுதினார்கள், கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு முதலில் டாக்டர் பார்க்கட்டும் என்ற நிபந்தனையோடு. நடுவில் கழிந்த பத்து வருடத்தில், சொன்னபடி கேட்ட தாய்மார்களுக்கு யாரும் தனியாகக் கடிதம் போட்டதாகத் தெரியவில்லை.

இறால் ஆகாத அத்தை மகன் இப்போது தாத்தாவாகிவிட்டான். பேத்திக்கு ஐந்தாம் மாதத்தில் கன்னமெல்லாம் கரப்பான். முட்டை கூடாது, கடலை கூடாது, கத்திரிக்காயை நீயும் தொடாதே என்று மருமகளிடம் ஆளாளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அவள் நேராக டாக்டரிடம் போய்விட்டாள். அவர் பத்தியம் எதுவும் சொல்லவில்லை. முதலில் தோலுக்குக் களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டை ஆறு மாதம் ஆனதும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுக்கலாம் என்றாராம்.

போன வாரம் போன் செய்தான். “முட்டை குடுத்தாச்சு மாப்ளே, ஒண்ணும் ஆகலை. இறால் மட்டும்தான் பாக்கி. அன்னிக்கு நான் வெளியூர் போயிடறேன்!”