பூட்டிய வார்ப்புருவும் மாறும் பதிப்பும்: சொற்செயலிக் கோப்பு வடிவ வரலாறு

முன்னுரை

பலர் நிரப்பும் படிவம் ஒரே அமைப்பில் இருக்கவேண்டுமெனக் கருதும் அலுவலகம், அதனை வார்ப்புருவாக்கி, நிரப்பும் இடங்கள் நீங்கலாக ஏனைய பகுதிகளைப் பூட்டி வழங்குகிறது. அப்பூட்டு பதிப்பு மாற்றத்தையும் தாங்கியதா என்பதை மைக்ரோசாப்ட் வேர்டின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவ மாற்றங்கள்

வேர்டு 97 புதிய இருமக் கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. மாற்றி நிரலின்றி வேர்டு 95 அதனைப் படிக்க இயலவில்லை. 97 முதல் 2003 வரையிலான பதிப்புகள் அவ்வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டமையால், அவற்றிடையே வார்ப்புருக்களைப் பகிர்தல் எளிதாயிற்று. 2007ஆம் பதிப்பு எக்ஸ்.எம்.எல். சார்ந்த வடிவத்திற்கு மாறியது. டி.ஓ.டி. என்னும் பழைய வார்ப்புரு வகை, மேக்ரோ அற்ற டி.ஓ.டி.எக்ஸ்., மேக்ரோ உடைய டி.ஓ.டி.எம். என இரண்டாயிற்று.

பழைய பதிப்பினர் புதிய கோப்புகளைத் திறக்க இணக்கத் தொகுப்பு வழங்கப்பெற்றது. ஆயினும், 2007இல் அறிமுகமான உள்ளடக்கக் கட்டுப்பாடுகள் பழைய வடிவில் சேமிக்கப்பட்டபோது வெறும் எழுத்தாக உறைந்தன. தேர்வுப் பட்டியல் மறைந்து, அப்போதிருந்த சொல் மட்டும் எஞ்சியது. பழைய படிவப் புலங்களால் அமைந்த வார்ப்புருவே இரு சாரார்க்கும் பயன்பட்டது.

பூட்டின் எல்லை

படிவப் பாதுகாப்பு மறையாக்கம் அன்று. தவறுதலான திருத்தத்தைத் தடுப்பதே அதன் பணி. கோப்பின் உள்ளமைப்பு வெளிப்படையாக அறியப்படாதவரை, அதனைப் பிற மென்பொருள்கள் பிழையின்றிப் படிக்கும் என்பதற்கு உறுதியில்லை. பழைய இரும வடிவத்தின் விவரக்குறிப்பைப் பொதுமக்கள் தடையின்றிப் பெறுமாறு மைக்ரோசாப்ட் 2008இல்தான் வெளியிட்டது.

திறந்த தரநிலைகள்

ஓ.டி.எஃப். வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரநிலையாயிற்று. மைக்ரோசாப்டின் ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். 2008இல் அத்தகுதியைப் பெற்றது. இதனை இந்தியா 2007 வாக்கெடுப்பில் எதிர்த்தது. 2008இல் பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நாடுகளைப் போன்று மேல்முறையீடும் செய்தது. அம்முறையீடுகள் ஏற்கப்படவில்லை. எனினும், 2010இல் நடுவணரசு மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை அறிவித்தமை குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

பூட்டு, படிவத்தை நிரப்புவோரின் கையிலிருந்து காத்தது. பதிப்பு மாற்றத்திலிருந்து காக்கவில்லை. உள்ளமைப்பை யாவரும் அறியத் தருவதே ஆவணம் நெடுங்காலம் நிலைப்பதற்கு உரிய காப்பு என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.