லினக்சில் கணினி விளையாட்டுகள்

விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணினி விளையாட்டுகளை லினக்ஸ் இயங்குதளத்தில் ஆடுவதும், லினக்சுக்கென்றே வெளியான விளையாட்டுகளும் இக்கட்டுரையில் அடங்கும். பெரிய விளையாட்டு நிறுவனங்கள் இத்தளத்தை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. இன்று ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இதில் ஓடுவதற்குத் தன்னார்வ நிரலாளர்களின் உழைப்பு ஒரு முக்கியக் காரணம்.

தொடக்கம்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டூம் விளையாட்டை அந்நிறுவனத்தில் பணியாற்றிய டேவ் டெய்லர் 1994-இல் லினக்சுக்குக் கொண்டுவந்தார். 1997 டிசம்பரில் டூமின் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டபோது வெளிவந்தது இந்த லினக்ஸ் வடிவமே. டாஸ் வடிவத்தின் ஒலி நிரல் வேறொருவர் உரிமையில் இருந்ததால் அதை வெளியிட முடியவில்லை. பின்னாளில் பற்பல கருவிகளில் ஓடிய டூம் வடிவங்களுக்கு லினக்ஸ் வடிவம் இவ்வாறு மூலமாயிற்று.

1998-இல் ஸ்காட் டிரேக்கர் கலிஃபோர்னியாவில் லோக்கி சாஃப்ட்வேரைத் தொடங்கினார். பிறர் உருவாக்கிய விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்சுக்கு மாற்றி விற்பதே அதன் தொழில். 1999-இல் வந்த ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ அதன் முதல் வெளியீடு. சிம்சிட்டி 3000, குவேக் 3 அரீனா ஆகியவை பின்தொடர்ந்தன. விற்பனை கைகொடுக்கவில்லை, 2002 ஜனவரியில் நிறுவனம் மூடப்பட்டது. எனினும் அங்கு பணியாற்றிய சாம் லாண்டிங்கா வளர்த்த எஸ்டிஎல் நூலகம் நிலைத்துவிட்டது. திரை, ஒலி, விசைப்பலகை, ஜாய்ஸ்டிக் ஆகியவற்றை எல்லாத் தளங்களிலும் ஒரே முறையில் கையாள உதவும் இந்நூலகத்தை இன்றும் எண்ணற்ற விளையாட்டுகள் பயன்படுத்துகின்றன. லோக்கியின் உண்மையான சாதனை இதுவே.

வைன்

விண்டோஸ் செயலிகளை லினக்சில் ஓடவைக்கும் வைன் திட்டத்தைப் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் 1993-இல் தொடங்கினர். அடுத்த ஆண்டு முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதை நடத்தி வருகிறார். 1.0 பதிப்பு வர 2008 வரை, பதினைந்து ஆண்டுகள் ஆயின.

வைனில் விண்டோஸ் நிறுவப்படுவதில்லை. விளையாட்டின் கட்டளைகள் நேராகவே கணினியின் மையச் செயலகத்தில் ஓடும். கோப்பைத் திற, சாளரத்தை வரை என்று அது இயங்குதளத்திடம் கேட்கும்போது மட்டும், விண்டோஸ் தரவேண்டிய பதிலை வைன் தரும். விளையாட்டு ‘சி’ டிரைவைத் தேடினால், பயனரின் கோப்புறையில் மறைந்திருக்கும் ஒரு சாதாரண உறையைக் காட்டும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். ஆகவே விளையாட்டு பெரிய எழுத்தில் கேட்ட கோப்பு சிறிய எழுத்தில் இருந்தாலும் வைன் தேடி எடுத்துத் தரவேண்டும். இதுபோன்ற சின்னஞ்சிறு பொருத்தங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததே இம்மென்பொருள்.

ஸ்டீமும் புரோட்டானும்

வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் விற்பனைத் தளத்தை 2013 பிப்ரவரியில் லினக்சுக்குத் தந்தது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1.6-உம் அவ்வாண்டே லினக்சுக்கு வந்தது. லினக்ஸ் வடிவம் இல்லாத நியர்: ஆட்டோமேட்டா விளையாட்டை லினக்சில் ஆட விரும்பிய பிலிப் ரெபோலே, விண்டோஸின் டைரக்ட்3டி வரைகலைக் கட்டளைகளை லினக்சிலும் இயங்கும் வல்கன் கட்டளைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை எழுதினார். இதையும் வைனையும் இணைத்து 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்டதே புரோட்டான். அதன்பின் பயனர் தனியே எதையும் அமைக்கத் தேவையின்றிப் பெரும்பாலான விளையாட்டுகள் ஓடலாயின.

தமிழ்நாட்டில்

தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சி. உமாசங்கர் தலைமையில் இருந்தபோது தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. மாணவர் கைக்கு லினக்ஸ் பரவலாகப் போய்ச்சேர்ந்தது 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால். அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்சும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட பாஸ், சென்னை சி-டாக் ஆய்வு மையத்தில் உருவானது. ஆனால் பிரவுசிங் சென்டரில் ஜிடிஏ: வைஸ் சிட்டியும் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கும் ஆடிப் பழகிய பிள்ளைகள் விண்டோஸ் பக்கமே போனார்கள். வைஸ் சிட்டி வைனிலும் நன்றாக ஓடக்கூடியது; சொல்லித்தர ஆளில்லாததே குறை. டெபியன் களஞ்சியத்திலுள்ள சூப்பர்டக்ஸ், ஃப்ரோசன் பபுள் போன்ற இலவச விளையாட்டுகளும் கவனம் பெறாமல் போயின. அரசுப் பள்ளிகளை லினக்சுக்கு மாற்றிய கேரளத்தில் ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட் ஆகிய கல்வி மென்பொருள்களை வகுப்பறையிலேயே குழந்தைகள் கற்கிறார்கள். தமிழ்நாடும் இதைச் செய்திருக்க வேண்டும்.

தற்போதைய நிலை

2022-இல் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி லினக்சில் இயங்குகிறது. வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஆகியவை அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக லினக்சில் ஓடுவதில்லை. இத்தடைக்கு நிறுவனங்களின் விருப்பமின்மையும் ஒரு காரணம். 2024-இல் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸ் ஆட்டக்காரர்களை விலக்கியது. ஸ்டீம் பயனர்களில் லினக்ஸ் வைத்திருப்போர் பங்கு 2025 அக்டோபர் கணக்கெடுப்பில் முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது.