ஒப்பமும் உள்ளடக்கமும்: கணினிக் கோப்புகளின் சான்று பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில், வீடும் வளவும் மகளின் பெயருக்கு உறுதி முடித்துச் சீதனமாக வழங்கப்படுவது நெடுநாள் வழக்கு. 1969 முதல் அக்கரைப்பற்றிற் களஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கினை விரிவாக ஆராய்ந்துள்ளார். அத்தகைய உறுதி செல்லுபடியாவதற்கு, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையாதல் வேண்டும். எனினும் நொத்தாரிசின் ஒப்பம் உறுதிப்படுத்துவது ஒன்றையே: இன்னார் இன்ன நாளிற் கைச்சாத்திட்டார் என்பது. அக்காணி அவருக்கு உரியதுதானா என்பதற்கு அவ்வொப்பம் பிணை நிற்பதில்லை. ஆகவேதான் கல்முனையிற் காணி வாங்குவோர், உறுதி எத்துணைத் துலக்கமாக எழுதப்பட்டிருப்பினும், பதிவேட்டைத் தேடிப் பாராது பணத்தைக் கொடுப்பதில்லை. கணினியுலகம் இந்த வேறுபாட்டை உணர்வதற்குப் பல ஆண்டுகள் கழிந்தன. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று.

இலக்கமுறை ஒப்பம் என்னும் கருத்து 1976இல் டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவர் வெளியிட்ட கட்டுரையொன்றில் உருப்பெற்றது. அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அதனைச் செயற்படுத்தும் கணித வழியைக் கண்டனர். ஒருவரிடம் இரு சாவிகள் உள. ஒன்று மறைவானது, மற்றையது எவர்க்கும் தெரியக்கூடியது. கோப்பு முழுவதையும் சுருக்கிப் பெறும் எண்ணொன்றை மறைசாவியால் ஒப்பமிட்டால், பொதுச்சாவியைக் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்கலாம். கோப்பில் ஓரெழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது. பொதுச்சாவி இன்னாருடையது எனச் சான்று கூறுவது சான்றிதழ் வழங்கும் நிறுவனம். கணினியுலகின் நொத்தாரிசு அதுவே எனலாம்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 1996இல் இம்முறையைச் செய்நிரல்களுக்குப் பயன்படுத்தலாயிற்று. வலையிலிருந்து இறக்கப்படும் நிரல் யாரால் ஆக்கப்பட்டது என்பதைப் பயனர் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். அவ்வாண்டிலேயே பிரெட் மக்லெயின் என்பார், முறையான சான்றிதழுடன் ஒப்பமிடப்பட்ட சிறு நிரலொன்றை வெளியிட்டார். அதனை ஏற்ற கணினி தானாகவே அணைந்துவிட்டது. ஒப்பம் மெய்யானது, செயலோ தொல்லையானது. அவர் தீங்கு கருதியவரல்லர், எச்சரிக்கை செய்தவரே. 2001இல் நிகழ்ந்தது வேறு. மைக்ரோசொப்ட் ஊழியர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவருக்கு, அந்நிறுவனத்தின் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களை வெரிசைன் வழங்கிவிட்டது. 2005இல் ஆய்வாளர் பென் எடெல்மன் எடுத்துக்காட்டிய செய்தி நகைப்பிற்கும் கவலைக்கும் ஒருங்கே உரியது. ‘தொடர்வதற்கு ஆம் என்பதை அழுத்துக’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர், நிறுவனமொன்றின் பெயராகவே ஒரு சான்றிதழில் இடம்பெற்றிருந்தது. ஒப்பமிட்டவரின் பெயரைக் காட்டவேண்டிய இடத்தில் அத்தொடர் தோன்றிற்று. அதனைக் கட்டளையென நம்பி அழுத்தியோர்க்குத் தாம் யாருக்கு இசைவளித்தோம் என்பது தெரிய வழியில்லை.

விளம்பர நிரல்களின் இயல்பை இங்கு நோக்குதல் தகும். வைரஸ் கள்வனைப் போல் மறைந்து நுழைகின்றது. விளம்பர நிரலோ விருந்தினனாக வாசல்வழியே வருகின்றது. இலவசப் பாட்டுக்கருவியோடு, எழுத்துருவோடு, ஆவண வாசிப்பானோடு ஒட்டிக்கொண்டு வந்து, எவரும் படியாத நீண்ட உடன்படிக்கையில் இசைவு பெற்றுக்கொள்கின்றது. அதனை ஆக்குவோர் பெரும்பாலும் பதிவு பெற்ற வணிக நிறுவனத்தார். எனவே அவர்கள் சான்றிதழ் பெறுவது சட்டத்திற்கு முரணன்று. 2015இல் மட்றிட் நகர ஆய்வாளர் கொட்சியாஸ் முதலியோர் ஏறத்தாழ 3,56,000 மாதிரிகளைச் சோதித்தனர். அவற்றுள் ஒப்பமிடப்பட்டவற்றில் 88 முதல் 95 விழுக்காடு வேண்டாத நிரல்களாகவே இருந்தன. கொடிய நிரல்கள் அரிதாகவே ஒப்பம் பெற்றிருந்தன. அவ்வேண்டாத நிரல்களின் சான்றிதழ்களுள் மீளப் பெறப்பட்டவை 15 விழுக்காடு மட்டுமே. சேகரித்தவை யாவும் ஐயத்திற்குரிய கோப்புகளாதலின், ஒப்பமிட்ட நிரல்கள் அனைத்தும் இத்தன்மையன என்று கொள்ளுதல் பிழையாகும். ஆயினும் ஒப்பம் உண்டு, ஆதலாற் சோதனை வேண்டா என்னும் எண்ணத்தை அவ்வாய்வு தகர்த்துவிட்டது.

மீளப் பெறுதலிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒப்பத்தோடு நேரமுத்திரையும் இடப்பட்டிருப்பின், சான்றிதழ் எந்த நாளிலிருந்து செல்லாதெனக் குறிக்கப்பட்டதோ அந்நாளுக்கு முன் ஒப்பமிட்ட கோப்புகள் தொடர்ந்தும் செல்லுபடியாகும். நேர்மையான நிரல்களைக் காக்க வகுத்த விதி, வேண்டாதவற்றிற்கும் அடைக்கலமாயிற்று.

களவுபோன சாவியின் வரலாறு தனியானது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், தாய்வானின் ரியல்டெக், ஜேமைக்ரோன் ஆகிய நிறுவனங்களின் சான்றிதழ்களால் ஒப்பமிடப்பட்டிருந்தது. 2015இல் தெரியவந்த சூப்பர்பிஷ் விவகாரமோ இன்னும் விந்தையானது. லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் அவ்விளம்பர நிரல் விற்பனைக்கு முன்பே பதிக்கப்பட்டிருந்ததோடு, தன் சொந்த மூலச் சான்றிதழையும் கணினியின் நம்பிக்கைப் பட்டியலிற் சேர்த்திருந்தது. அதன் மறைசாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. அதனைக் கண்டெடுத்த எவரும் வங்கித் தளமாகவே வேடம் பூண இடமுண்டாயிற்று. இங்கே நொத்தாரிசையே விளம்பரக்காரன் நியமித்துக்கொண்டான்.

இக்காரணங்களாற் சோதனை இன்று பல படிகளாக நிகழ்கின்றது. மார்க் றுசினோவிச் உருவாக்கிய சிக்செக் என்னும் சிறுகருவி, கோப்பின் ஒப்பம் பொருந்துகின்றதா, ஒப்பமிட்டவர் யார் என்பவற்றைக் காட்டும். அதே கோப்பின் சுருக்கெண்ணை 2004இல் ஸ்பெயினிற் தோன்றிய வைரஸ்டோட்டலுக்கு அனுப்பிப் பல எதிர்ப்பு நிரல்களின் தீர்ப்பையும் பெற்றுத்தரும். முன்னது உறுதியைப் படித்தல். பின்னது பதிவேட்டைத் தேடுதல். இரண்டாவதைச் செய்யாதோர் பலர் என்பதே குறை. பழைய கணினிகளும் கைமாறிய இலவச நிரல்களும் புழங்கும் சிற்றூர்க் கணினி நிலையங்களில் இக்குறை மிகுதியும் தொல்லை தருவதாகும்.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலக்கமுறை ஒப்பத்திற்குச் சட்ட ஏற்பு அளித்தது. பின்னர் லங்காக்ளியர் நிறுவனம் லங்காசைன் என்னும் பெயரிற் சான்றிதழ் வழங்கத் தொடங்கிற்று. ஆயினும் அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு இறுதி விருப்பாவணம், அற்றோணித் தத்துவம், நம்பிக்கைப் பொறுப்பு, காணி விற்பனை ஆகியவற்றை விலக்கி வைத்தது. அவ்விலக்கின்படி, கல்முனையில் வீடும் வளவும் விலைப்படும்போது, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் மையினாலேயே ஒப்பமிடுதல் வேண்டும்.